டொல்பின் வானின் 3எல் எஞ்சினுக்கு டர்போ பூட்டலாமா?

ஹட்டன் பக்கம் ஹயர் ஓடும் ஒருவருடைய கேள்வி இது: "என்னுடையது எல்.எச். 113 டொல்பின். 3எல் எஞ்சின், டர்போ கிடையாது. ஆட்களை நிரப்பி ஏ.சி.யும் போட்டால் நுவரெலியா ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. 2எல்-டீ எஞ்சினின் டர்போவைக் கொண்டுவந்து பூட்டித் தருகிறோம் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா, காசுக்குப் பெறுமதியா?"

ஏ9 வீதியில் யாழ்ப்பாணம்–கொழும்பு ஓடுகிறவர் இதைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். மலையில் ஓடுகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. உயரத்தில் எஞ்சின் இழக்கிற காற்றைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு மட்டும் டர்போ வைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதைத் தாண்டி "வான் பறக்கும்" என்ற ஆசையில் வைத்தால், சீக்கிரமே ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்ற வேண்டி வரும்.

முதலில் கையில் இருக்கும் எஞ்சினைப் பார்ப்போம். நம் ஊரில் டொல்பின் என்று சொல்வது 1989இல் வந்த ஹயஸ் வரிசை. அதற்கு முந்தியது ஷெல், பிந்தியது கே.டி.எச். 3எல் எஞ்சின் 2,779 சி.சி.; போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டும் 96 மில்லிமீற்றர். புதிதாக இருந்தபோது நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 91 குதிரைவலுவும், 2,400 சுற்றில் 188 நியூட்டன் மீற்றர் இழுவையும் தந்தது. கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது, 22க்குச் சற்று மேல். டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் விழுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய சுழல் அறையில் பற்றிக்கொண்டு, அங்கிருந்து ஒரு குறுகிய வாசல் வழியாக சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்த அறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தொந்தரவு எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு குத்துமதிப்பான கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வானும் ஆட்களும் பைகளும் சேர்ந்து 2,500 கிலோ என்று வையுங்கள். நூறு மீற்றருக்கு 8 மீற்றர் ஏறும் பாதை, வேகம் 40 கிலோமீற்றர். இதற்கு சக்கரத்தில் சுமார் 35 குதிரைவலு வேண்டும். 3ஆம் கியரில் அந்த வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 2,200 சுற்றில் நிற்கும். கடல் மட்டத்தில் நல்ல 3எல் ஒன்று அந்தச் சுற்றில் 58 அளவில் தரும். நுவரெலியா இருப்பது 1,868 மீற்றரில். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மேலே குளிர் என்பதால் கொஞ்சம் ஈடாகிறது. அப்படியும் கொழும்பு வெக்கையில் கிடைக்கும் காற்றைவிட 15 சதவீதமாவது குறைவு. ஆக 58 என்பது 49 ஆகிறது. கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல் தின்பது போக 43. ஏ.சி. கம்ப்ரசர் 4, 5 எடுத்தால் 38. எஞ்சினுக்கு வயதாகி பத்து சதவீதம் தேய்ந்திருந்தால் மிஞ்சுவது 34.

தேவை 35, கையிருப்பு 34. ஏ.சி.யை நிறுத்தினால் ஏறுகிறது, போட்டால் 2ஆம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்று டிரைவர்மார் சொல்வதற்குக் காரணம் இந்தச் சின்ன வித்தியாசம்தான். கூடவே இன்னொன்று: காற்று குறைந்தது டீசல் பம்புக்குத் தெரியாது. உயரத்துக்கு ஏற்பத் திருத்தும் கருவி பொருத்திய பம்பாக இல்லாவிட்டால், கொழும்பில் தள்ளிய அதே அளவு டீசலை மேலேயும் தள்ளும். எரியாத மிச்சம் கறுப்புப் புகையாகப் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும்.

இதே ஏற்றத்தை 60இல் ஏற வேண்டுமென்றால் சக்கரத்தில் 55 குதிரைவலு தேவைப்படும். ஆனால் ரம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு யார் 60இல் போகப் போகிறார்கள்? உங்களுக்கு வேண்டியது 40ஐ 3ஆம் கியரில், ஏ.சி.யோடு, புகையில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அதற்கு 5, 6 குதிரைவலு மேலதிகமாகக் கிடைத்தாலே போதும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கராஜ்காரரின் பேச்சைக் கேட்க வேண்டும்.

சரி, டர்போ என்ன தரும்? கராஜில் "அரை பார் வைத்தால் ஐம்பது சதவீதம் கூடும்" என்பார்கள். பார் என்பது அழுத்தத்தின் அளவு; கடல் மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். ஆனால் கணக்கு அப்படி இல்லை. காற்றை அழுத்தினால் அது சூடாகும். 32 பாகை காற்றை அரை பாருக்கு அழுத்தினால், சாதாரண டர்போ ஒன்றில் அது 90 பாகை அளவில் வெளியே வரும். சூடான காற்று விரிந்து நிற்பதால் சிலிண்டருக்குள் உண்மையில் கூடுதலாகப் போவது 26 சதவீதம்தான். அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் ஒன்றை வைத்து 50 பாகைக்கு இறக்கினால் 42 சதவீதம். ஆனால் டொல்பினில் இன்டர்கூலரை வைக்க நல்ல இடம் இல்லை. முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைக்கும். அந்த ரேடியேட்டருக்கு ஏற்கனவே வேலை அதிகம்.

நுவரெலியா உயரத்துக்குக் கடல் மட்டக் காற்றைத் திருப்பிக் கொடுக்க 0.3 பார் போதும். இந்த அளவுக்கு இன்டர்கூலரும் வேண்டாம், பம்பில் பெரிதாகக் கை வைக்கவும் வேண்டாம். புகை குறையும், 3ஆம் கியர் நிற்கும். நான் நியாயம் என்று சொன்னது இந்த ஒரு நிலையைத்தான்.

இடையில் ஒன்று. இணையத்தில் விற்கும் 12 வோல்ட் "மின்சார டர்போ" விசிறிகளை வாங்கிவிடாதீர்கள். இந்த எஞ்சினுக்கு 2,400 சுற்றில் அரை பார் கொடுக்க ஏறத்தாழ 4 கிலோவாட் வேண்டும். 12 வோல்டில் அது 300 அம்பியருக்கு மேல். உங்கள் வானின் ஓல்டர்னேட்டர் முழு மூச்சாக ஓடினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தராது. அந்த விசிறி காற்று போகும் வழியில் ஒரு தடையாக நிற்பதோடு சரி.

டர்போ பூட்டிய பிறகும் டீசலைக் கூட்டாவிட்டால் பலம் அதிகம் ஏறாது, புகைதான் சுத்தமாகும். வாடிக்கையாளர் "வித்தியாசமே தெரியவில்லையே" என்பார். உடனே கராஜ் பாஸ், டீசல் பம்பின் பின்பக்கம் இருக்கும் ஃபுல் லோட் ஸ்க்ரூவை (டீசலின் உச்ச அளவைத் தீர்மானிப்பது) உள்ளே திருப்புவார். வான் சட்டென்று உயிர் பெற்ற மாதிரி இருக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான். தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் எஞ்சின்களின் பம்பில், காற்றழுத்தம் ஏறுவதைப் பார்த்து டீசலைக் கூட்டும் ஒரு டயஃப்ரம் இருக்கும். உங்கள் பம்பில் அது கிடையாது. ஸ்க்ரூவைத் திருப்பினால் டர்போ சுழலத் தொடங்கும் முன்பே டீசல் அதிகமாகப் போகும். ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது கறுப்பாகக் கக்கும். வெப்பமும் அதே வேகத்தில் ஏறும்.

இப்போது அந்தச் சுழல் அறை. ஹெட்டைக் கழற்றித் தலைகீழாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகளும், பக்கத்தில் அறையின் வாயை மூடும் ஒரு வட்ட உலோகத் துண்டும் தெரியும். வால்வுகளுக்கு நடுவிலும், வால்வுக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவிலும் மிஞ்சியிருக்கும் இரும்பு ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அந்தப் பக்கம் வெளியேறும் சூடு, இந்தப் பக்கம் அறையில் இருந்து பீறிடும் நெருப்பு, பின்னால் தண்ணீர். ஏற்றத்தில் சூடாகி இறக்கத்தில் ஆறி, மறுபடி சூடாகி, கடைசியில் அந்த ஒடுங்கிய இடத்தில்தான் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். ஆரம்பத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் குழாய்கள் கல்லாக இறுகி நிற்கும்.

இது டர்போ பூட்டியவர்களின் வானில் மட்டும் நடப்பதில்லை. 2எல்-டீ என்பது இதே குடும்பத்து 2,446 சி.சி. எஞ்சின், டொயோட்டாவே டர்போ வைத்து விற்றது. கம்ப்ரஷனைக் குறைத்து, பம்பை மாற்றிச் செய்த அந்த எஞ்சினே உலகம் முழுவதும் ஹெட் வெடிப்புக்குப் பெயர் போனது. திட்டமிட்டுச் செய்ததற்கே அந்தக் கதி என்றால், 22க்கு மேல் கம்ப்ரஷன் உள்ள 3எல்லின் தலையில் அதே டர்போவை ஏற்றும்போது எவ்வளவு அடக்கமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். 2எல்-டீயின் மனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்த் தொகுதி) 3எல் ஹெட்டில் பூட்டக்கூடியது என்பது உண்மைதான். போல்ட் பொருந்துவதை மட்டும் வைத்து எஞ்சின் தாங்கும் என்று முடிவு கட்ட முடியாது.

கம்ப்ரஷனைக் குறைக்க, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கட்டைத் தடித்ததாகப் போடலாம் என்பார்கள். இந்த எஞ்சினுக்குக் கேஸ்கட் மூன்று தடிப்பில் வருகிறது. பீ, டீ, எஃப் என்று குறி இருக்கும். பிஸ்டன் பிளொக்குக்கு மேல் எவ்வளவு தலைநீட்டுகிறது என்று அளந்து, அதற்கு ஏற்றதைத் தெரிவதற்காகத்தான் அந்த மூன்றும். இஷ்டத்துக்குத் தடித்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறைவது சொற்பம். நுவரெலியாக் குளிரில் விடியற்காலையில் ஸ்டார்ட் எடுக்கப் படும் பாடு மட்டும் கூடும்.

டொல்பினுக்கே உரிய இன்னொரு சங்கடம், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பது. லொறியிலோ ஜீப்பிலோ பொனட்டுக்குள் காற்று ஓடும். இங்கே டர்போவின் சூடு போவதற்கு வழி இல்லை. வயரிங், டீசல் குழாய், டிரைவரின் கால் எல்லாம் பக்கத்திலேயே. வெப்பத் தகடு இல்லாமல் பூட்டித் தருகிறேன் என்கிற கராஜில் வானை விடாதீர்கள். டர்போவில் இருந்து ஓயில் திரும்பும் குழாயையும் கவனியுங்கள். உள்ளே போவதுதான் அழுத்தத்தில் போகும். திரும்புவது தன் பாரத்தில் கீழே வழிய வேண்டும். குழாய் தடிப்பாக, எங்கேயும் மேல்நோக்கி வளையாமல், எஞ்சினின் அடியில் ஓயில் தேங்கும் சம்பில், ஓயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். ஒரு கராஜில் பூட்டி வந்த வானில், இடம் போதாமல் அந்தக் குழாயை நெளித்து அனுப்பியிருந்தார்கள். நீல நீலமாகப் புகை. டர்போ பழுது என்று சொல்லி இரண்டாவது டர்போவுக்கும் அந்த மனிதரிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். குழாயை மாற்றியதும் நின்றுவிட்டது.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வான்கள் அத்தோடு திருப்திப்பட்டுவிடும். தேய்ந்துபோன அந்தப் பத்து சதவீதத்தைத் திரும்ப எடுப்பது. கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல 3எல்லில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோவுக்கு மேல் காட்டும். 20க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ டர்போப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எஞ்சினைப் பிரித்துப் புதுப்பியுங்கள். கம்ப்ரஷன் சரி என்றால் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டீசல் பம்ப் செய்கிற இடத்தில் கொடுத்து, அழுத்தமும் விசிறலும் பார்க்க வேண்டும். ஒன்று ஒழுகினாலும் புகையும் வரும், இழுவையும் போகும். டைமிங் பெல்ட் மாற்றியபோது பம்ப் டைமிங்கை மானி வைத்துப் பார்த்தார்களா, குறியை மட்டும் பார்த்து இறுக்கினார்களா என்று கேளுங்கள். டைமிங் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலே ஏற்றத்தில் வான் சோம்பும். கிளட்ச் வழுக்குவது, பின் பிரேக் இழுத்துப் பிடித்திருப்பது, அழகுக்காகப் போட்ட பெரிய டயர், மேலே எப்போதும் சும்மா ஏறியிருக்கும் கெரியர் — இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். மலையில் தேவைப்படும் அந்த 5 குதிரைவலு பல வான்களில் இப்படியே கிடைத்துவிடுகிறது.

அதுவும் போதாவிட்டால் நான் அடுத்ததாகப் பார்ப்பது 5எல். அதே குடும்பம், 2,986 சி.சி., அதே மாதிரி மவுண்ட், சாதாரண மெக்கானிக்கல் பம்ப் உள்ளதும் இருக்கிறது. ஏழு சதவீதம்தான் பெரிது என்பதால் பார்க்கச் சின்ன லாபம். ஆனால் தேய்ந்த 3எல்லில் இருந்து நல்ல நிலையில் உள்ள 5எல்லுக்குப் போகும்போது சீட்டில் இருந்தே தெரியும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் சாமான் கிடைக்கிற எஞ்சின். இன்னும் பலம் வேண்டும் என்கிறவர்கள் 1கே.இசட்-டீ.ஈ.க்குப் போகிறார்கள். டர்போவோடு பிறந்த 2,982 சி.சி. எஞ்சின், 130 குதிரைவலு, 2,000 சுற்றிலேயே 289 நியூட்டன் மீற்றர். மலைக்கு அருமையான இழுவை. ஆனால் எலக்ட்ரானிக் பம்ப், அதற்குக் கம்பியூட்டர், வயரிங், கியர்பொக்ஸ், ரேடியேட்டர் என்று பட்டியல் நீளும். பாதி வான் வாங்கிய மாதிரி ஆகிவிடும். அதுவும் சூடேற விட்டால் ஹெட் வெடிக்கிற எஞ்சின்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வானின் விலை எங்கேயோ போய்விட்டது. கே.டி.எச்.சுக்கு மாறு என்று சொல்வது எனக்குச் சுலபம், காசு கொடுப்பவர் நீங்கள். அதனால்தான் இருக்கிற வானை இழுத்துக்கொண்டு ஓடும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கணக்கில் எடுங்கள். ஹயர் வானுக்கு இழுவையைவிட முக்கியம் நிற்காமல் ஓடுவது. சுற்றுலாக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய் நானுஓயாவில் தண்ணீர் கொதித்து நின்றால், அந்த ஆட்கள் அடுத்த வருடம் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் டர்போதான் என்றால், கராஜ்காரரோடு இப்படிப் பேசுங்கள். எஞ்சின் புதிதாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஹெட்டை அழுத்தம் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அழுத்தம் 0.3, மிஞ்சினால் 0.4 பார், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை அந்த அளவுக்கே அமைக்க வேண்டும். தொழிற்சாலை டர்போவின் ஸ்ப்ரிங் பொதுவாக இதைவிடக் கூடுதலாகத் தரும் என்பதால் இதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். பம்பில் கை வைப்பதாக இருந்தால் டயஃப்ரம் உள்ள பம்ப் போடட்டும். ஸ்க்ரூவை மட்டும் திருப்புவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டில் இரண்டு மானி: ஒன்று காற்றழுத்தத்துக்கு, மற்றது டர்போவுக்கு முன்னால் வெளியேறும் சூட்டுக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சூட்டு மானியை வாங்குங்கள். நீண்ட ஏற்றத்தில் முள் 700 பாகையை நெருங்கினால் கியரை இறக்கிக் காலைத் தளர்த்த வேண்டும். இந்த மானி இல்லாமல் ஓட்டினால் ஹெட் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் மானி அசையும் நேரத்தில் விஷயம் கைமீறியிருக்கும்.

ஓயிலையும் இப்போது மாற்றுகிற இடைவெளியில் பாதியில் மாற்றுங்கள். ஏற்றம் ஏறி வந்து உடனே சாவியைத் திருப்பாமல், டர்போ ஆறுவதற்கு ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்.

காகித வேலையும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னால் புகைப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். ஸ்க்ரூ திருப்பிய வான்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். எஞ்சினையே மாற்றினால் எஞ்சின் இலக்கம் மாறுகிறது, அது பதிவுப் புத்தகத்தில் இருக்கிற இலக்கம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தாமல் விட்டால் விற்கும்போதும், விபத்து என்று வந்தால் காப்புறுதியிலும் இழுபறிதான். டர்போ பூட்டுவதையும் காப்புறுதிக்காரரிடம் முதலே சொல்லிவிடுவது நல்லது.

கழற்றுகிற பழைய மனிஃபோல்டையும் சைலன்சர் குழாயையும் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். வானை விற்கிற நாளில் டர்போ பூட்டிய 3எல் என்றதும் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். பழையபடி பூட்டிக் கொடுக்க அவை தேவைப்படும்.